குறும்படத்தின் ஒலியை எந்த மென்பொருளில் தொகுப்பது? மாணவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

விஸ்காம் இறுதியாண்டுக் குறும்படங்களில் ஒலிக்கான மென்பொருளை யாரும் உட்கார்ந்து யோசித்துத் தேர்ந்தெடுப்பதில்லை. ஒலியைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்ட மாணவரின் மடிக்கணினியில் ஏற்கெனவே எது இருக்கிறதோ, அதிலேயே வேலை தொடங்கிவிடுகிறது. பாட்டுப் பதிவுக்கும் பாட்காஸ்டுக்கும் நன்றாக உழைத்த அதே மென்பொருள் படத்தின் ஒலியில் திணறுவதற்குக் காரணம் உண்டு. படத்தின் ஒலி எடிட்டரின் டைம்லைனிலிருந்து வந்து, வேலை முடிந்ததும் ஒரு ஃப்ரேம்கூடப் பிசகாமல் அதே டைம்லைனுக்குத் திரும்ப வேண்டும். ஆகவே எத்தனை எஃபெக்ட் இருக்கிறது, திரை எவ்வளவு அழகாக இருக்கிறது என்பவற்றைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். ஒலி எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகப்போகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

பத்து முதல் பதினைந்து நிமிடப் படம், படப்பிடிப்பிலேயே பதிவான வசனம், ஸ்டீரியோ ஒலி, கையில் பெரிய பணமில்லை, எடிட்டர் ஒருவர், ஒலியைக் கவனிப்பவர் வேறொருவர் என்ற நிலையை மனத்தில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது.

முதல் படி: படம் எதில் வெட்டப்படுகிறது?

ஒலி மென்பொருளைப் பற்றிய முதல் கேள்வியை எடிட்டரிடம்தான் கேட்க வேண்டும். அவர் டாவின்சி ரிசால்வில் வெட்டுகிறாரா, பிரீமியர் ப்ரோவிலா, ஃபைனல் கட் ப்ரோவிலா என்பதைப் பொறுத்தே உங்கள் கைக்கு என்ன வந்து சேரும் என்பது முடிவாகிறது.

அவர் ரிசால்வில் வெட்டினால், பெரும்பாலான மாணவர் படங்களுக்குத் தேடல் அங்கேயே முடிந்துவிடும். ஃபேர்லைட் என்னும் ஒலித்தொகுப்புக் கருவியைப் பிளாக்மேஜிக் டிசைன் நிறுவனம் 2016-இல் வாங்கி, 2017-இல் வந்த ரிசால்வ் 14-ஆம் பதிப்பில் அதைத் தனிப் பக்கமாகச் சேர்த்தது. இலவசப் பதிப்பிலும் அது இருக்கிறது. எடிட் பக்கத்தில் உள்ள அதே டைம்லைன்தான் ஃபேர்லைட் பக்கத்திலும் திறக்கிறது என்பதால் ஏற்றுமதி, இறக்குமதி என்ற பேச்சுக்கே இடமில்லை. இதன் உண்மையான மதிப்பு பிக்சர் லாக் ஆன பிறகு, அதாவது இனிப் படத்தில் வெட்டு இல்லை என்று முடிவான பிறகு தெரியவரும். மாணவர் படங்களில் லாக் என்பது பெயரளவில்தான். வழிகாட்டும் பேராசிரியர் பார்த்துவிட்டு இரண்டாவது காட்சியில் நாற்பது விநாடியைக் குறைக்கச் சொன்னால், தனி மென்பொருளில் வேலை செய்பவர் அந்த வெட்டைத் தம்முடைய எல்லா ட்ராக்குகளிலும் கையால் மீண்டும் செய்ய வேண்டியிருக்கும். ரிசால்வில் ட்ராக்குகள் பூட்டப்படாமல் இருக்கும் வரை, எடிட்டர் வெட்டும்போதே ஒலியும் சேர்ந்து வெட்டுப்படுகிறது.

எடிட்டர் பிரீமியரில் வேலை செய்து, நீங்கள் வேறொரு மென்பொருளில் ஒலியைத் தொகுப்பதாக இருந்தால், நடுவில் ஏஏஎஃப் என்னும் கோப்பு தேவைப்படும். எந்தத் துண்டு எந்த ட்ராக்கில் எந்த ஃப்ரேமில் தொடங்கி எங்கே முடிகிறது என்ற விவரத்தையும் அத்துண்டின் மூல ஒலியையும் அது சுமந்து வருகிறது. ஏற்றுமதியின்போது கேட்டால், ஒவ்வொரு வெட்டுக்கு முன்னும் பின்னும் சில விநாடி கூடுதல் ஒலியையும் கொண்டுவரும். அதற்கு ஹேண்டில் என்று பெயர். ஒரு ஷாட்டில் மின்விசிறி சுழன்று அடுத்த ஷாட்டில் நின்றிருந்தால், அந்த வேறுபாட்டை உறுத்தாமல் மறைப்பதற்கு இரண்டு ஒலிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கரைக்க வேண்டும். ஹேண்டில் இல்லையென்றால் கரைப்பதற்குப் பொருளே இல்லை. வசனத் தொகுப்பில் பாதி வேலை இந்தக் கரைப்புதான் என்பதால், ஐந்து விநாடி ஹேண்டில் கேட்டு வாங்குவது நல்லது.

ரிசால்வும் பிரீமியரும் ஏஏஎஃப்-ஐ நேரடியாகத் தருகின்றன. ஃபைனல் கட் ப்ரோ தருவதில்லை; எக்ஸ்2ப்ரோ போன்ற தனி மென்பொருளை விலைக்கு வாங்கி மாற்ற வேண்டும். பெற்றுக்கொள்ளும் பக்கத்தில் உள்ள ஒலி மென்பொருள்களில் ப்ரோ டூல்ஸ், லாஜிக் ப்ரோ, ரிசால்வ் ஆகியவை ஏஏஎஃப்-ஐத் திறக்கும். ரீப்பர் துணைக் கருவி இல்லாமல் திறக்காது, ஆடாசிட்டிக்கு அது என்னவென்றே தெரியாது. ஓஎம்எஃப் என்ற பழைய வடிவமும் உண்டு. ஆனால் ஒரு கோப்பு 2 ஜிபிக்கு மேல் போகக்கூடாது என்ற வரம்பு அதற்கு இருப்பதால், ஏஏஎஃப் கைவிட்டால் மட்டும் அதை நாடலாம்.

இரண்டாம் படி: எண்களை எழுதி வையுங்கள்

மென்பொருளைத் திறப்பதற்கு முன்பே எடிட்டரும் ஒலித்தொகுப்பாளரும் இரண்டு எண்களில் உடன்பட வேண்டும். முதலாவது ஃப்ரேம் வேகம், அதாவது ஒரு விநாடிக்கு எத்தனை ஃப்ரேம் என்பது. 24, 23.976, 25 ஆகிய மூன்றும் பேச்சில் ஒன்றுபோலத் தோன்றினாலும் கணக்கில் ஒன்றல்ல. பதினைந்து நிமிடப் படத்தை 23.976-இல் வெட்டிவிட்டு ஒலியை 24 என்று வைத்து வேகத்தை மாற்றிவிட்டால், கடைசியில் 0.9 விநாடி, அதாவது ஏறக்குறைய 22 ஃப்ரேம் விலகியிருக்கும். அது உதட்டசைவை முழுவதுமாகக் கெடுத்துவிடும். 24-ஐ 25-ஆக ஓட்டினால் விலகல் 36 விநாடி என்பதால் அது முதல் காட்சியிலேயே கண்ணில் படும். நுண்ணிய பிழைதான் கடைசி வரை ஒளிந்திருந்து திரையிடலன்று வெளிப்படுகிறது.

இரண்டாவது எண் சாம்பிள் வேகம், அதாவது ஒலி விநாடிக்கு எத்தனை முறை அளந்து பதிவாகிறது என்பது. படத்துக்கான ஒலி 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்பது உறுதியான வழக்கம். இசைக்காக உருவான மென்பொருள்கள் பல 44.1-இல் தொடங்குவதால், இசையமைக்கும் நண்பர் ஆர்.ஆர். எனப்படும் பின்னணி இசையின் கோப்புகளையும் 44.1-இலேயே அனுப்பிவைப்பது அடிக்கடி நடக்கிறது. நல்ல மென்பொருள் அதைத் தானாக மாற்றிக்கொள்ளும். மாற்றாமல் தவறாக வாசித்தால் சுருதியும் நீளமும் சுமார் ஒன்பது விழுக்காடு வரை பிசகும். எனவே நீங்கள் தேர்ந்தெடுக்கும் மென்பொருளில் ப்ராஜெக்டின் ஃப்ரேம் வேகத்தையும் சாம்பிள் வேகத்தையும் வெளிப்படையாக அமைக்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத மென்பொருளை வசனத் தொகுப்புக்குக் கருத வேண்டியதில்லை.

கைப்பேசியில் படமெடுத்தவர்களுக்கு ஒரு கூடுதல் வேலை இருக்கிறது. பல கைப்பேசிகள் ஃப்ரேம் வேகத்தை நிலையாக வைக்காமல் ஏற்றி இறக்கிப் பதிவு செய்கின்றன. அத்தகைய கோப்பில் ஒலி மெல்ல மெல்ல நழுவும். வெட்டத் தொடங்குவதற்கு முன்பே ஹேண்ட்பிரேக் போன்ற இலவசக் கருவியில் நிலையான வேகத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். எந்த ஒலி மென்பொருளும் இந்தக் குறையைப் பின்னால் சரிசெய்து தராது.

மூன்றாம் படி: ட்ராக்குகளை எண்ணுங்கள்

ஒரு தாளில் உங்கள் படத்துக்குத் தேவையான ட்ராக்குகளை எழுதிப் பாருங்கள். பூம் மைக் வசனத்துக்கு மாறி மாறி வைக்க இரண்டு, சட்டையில் பொருத்தும் லேப்பல் மைக்குக்கு இரண்டு, அறையின் வெற்று ஒலிக்கு ஒன்று, டப்பிங் செய்த வரிகளுக்கு ஒன்று என வசனமே ஆறைத் தொட்டுவிடும். படத்தைப் பார்த்துப் பின்னால் உருவாக்கும் ஒலிகளான ஃபோலியில் காலடிக்கும் கைப்பொருள்களுக்கும் துணி உரசலுக்கும் மூன்று, கதவு, வண்டி, தொலைபேசி மணி போன்றவற்றுக்கு மூன்று, தெருவும் காகமும் அடங்கிய ஆம்பியன்ஸுக்கு ஸ்டீரியோவாக இரண்டு, இசைக்கு இரண்டு என்று கூட்டினால் பதினாறு ஆகிறது. சிறிய படத்துக்கு இது மிகையான கணக்கு இல்லை. இலவசமாகக் கிடைக்கும் ப்ரோ டூல்ஸ் இன்ட்ரோ எட்டு ஒலி ட்ராக்குகளோடு நின்றுவிடும் என்பதை இந்தத் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்தால், அதைக் கற்றுக்கொள்வதற்கு வைத்துக்கொள்ளலாம், படத்துக்கு நம்ப முடியாது என்பது விளங்கும்.

டப்பிங் எவ்வளவு என்பதையும் இங்கேயே முடிவு செய்யுங்கள். தமிழ்த் திரைத்துறையில் படப்பிடிப்பு ஒலியைப் பைலட் ட்ராக்காக மட்டும் வைத்துக்கொண்டு எல்லா வசனத்தையும் பின்னால் டப்பிங் செய்வது நெடுங்கால வழக்கம்; அதைப் பார்த்து வளர்ந்ததால் மாணவர்களும் டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். நல்ல டப்பிங்குக்கு எதிரொலியில்லாத அறையும், பழகிய குரலும், பொறுமையும் வேண்டும். விடுதி அறையில் போர்வையைத் தொங்கவிட்டு எடுத்த டப்பிங்கைவிட, சற்று இரைச்சலுள்ள படப்பிடிப்பு ஒலி பெரும்பாலும் உயிரோடு இருக்கும். ஆனாலும் பாதிப் படத்தை டப்பிங் செய்யத்தான் வேண்டுமென்றால், ஒரே வரியைப் பல முறை பதிவு செய்து, டேக்குகளை அடுக்கி, சிறந்ததைத் தேர்ந்தெடுக்கும் வசதி மென்பொருளில் இருக்க வேண்டும். ஃபேர்லைட்டில் டப்பிங்குக்கென்றே தனிப் பலகம் இருக்கிறது. ரீப்பரில் டேக்குகளை ஒன்றன்கீழ் ஒன்றாக விரித்து வைத்து வெட்டிச் சேர்க்கலாம்.

நான்காம் படி: மென்பொருள்களை இந்த அளவுகோலில் நிறுத்துங்கள்

ஆடாசிட்டி பெரும்பாலோரின் முதல் மென்பொருள். 2000-இல் வெளிவந்த இந்தத் திறமூல மென்பொருள் இலவசமானது, இலகுவானது, எந்தக் கணினியிலும் ஓடும்; எஃபெக்டுகளை நிரந்தரமாகப் பதிக்காமல் ஓடும்போதே கேட்டு மாற்றும் வசதி 2022-இல் வந்த 3.2 பதிப்பிலிருந்து அதில் உண்டு. ஆனால் அதில் படம் ஓடாது. உதட்டைப் பார்க்காமல் வசனத்தையும், பாதத்தைப் பார்க்காமல் காலடியையும் பொருத்த முடியாது என்பதால், படத்தின் ஒலியை முழுவதுமாக அதில் தொகுக்கும் எண்ணத்தைக் கைவிடுங்கள். ஒரு தனித் துண்டின் இரைச்சலைக் குறைப்பது, ஃபோலியைப் பதிவு செய்து ஓரங்களை நறுக்குவது போன்ற பக்க வேலைகளுக்கு அதை வைத்துக்கொள்ளலாம். இரைச்சல் குறைப்பில் கை நீண்டுவிட்டால் ச, ஸ, ஷ ஆகிய ஒலிகள் மழுங்கி, குரல் தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல் ஆகிவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். இணையத்துப் பயிற்சிக் காணொளிகளில் மின்சார ரீங்காரத்தை நீக்க 60, 120 ஹெர்ட்ஸ் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து பேசுகிறார்கள். இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் நீங்கள் தேட வேண்டியவை 50, 100, 150.

ரீப்பர், இந்த வரிசையில் நான் மிகவும் பரிந்துரைக்கும் தனி மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடுகிறது. பழைய கணினியிலும் சட்டென்று திறக்கிறது. தனிச் சாளரத்தில் படத்தை ஓட்டுகிறது. ட்ராக்குகளுக்கு வரம்பு வைப்பதில்லை. 60 நாள் எந்தக் குறைப்பும் இல்லாமல் சோதித்துப் பார்க்கலாம். அதன்பின் தனிநபர், கல்வி நிறுவனம் ஆகியோருக்கான தள்ளுபடி உரிமத்தின் விலை 60 டாலர். நம் பணத்தில் ஐந்தாயிரம் ரூபாயை ஒட்டி வரும். நாள் கடந்த பிறகும் அது பூட்டிக்கொள்வதில்லை என்ற செய்தி மாணவர்களிடையே வேகமாகப் பரவியிருக்கிறது. குழுவில் ஐந்து பேர் ஆளுக்கு ஆயிரம் போட்டால் முறையாக வாங்கிவிடலாம் என்ற செய்தியும் அதே வேகத்தில் பரவலாம். ரீப்பரின் குறை இரண்டு. தொடக்கத்தில் அதன் அமைப்புகள் புதியவரை மிரட்டும். ஏஏஎஃப்-ஐ நேரடியாகத் திறக்காது. இரண்டாவது குறையைத் துணைக் கருவியால் தீர்க்கலாம்; அல்லது எடிட்டரிடம் ஒவ்வொரு ட்ராக்கையும் படத்தின் முழு நீளத்துக்குத் தனி வேவ் கோப்பாக வாங்கி, எல்லாவற்றையும் ஒரே தொடக்கப் புள்ளியில் அடுக்கலாம். பின்னதில் ஹேண்டில் கிடைக்காது என்பதால், கரைக்க வேண்டிய இடங்களுக்கு மூலப் பதிவுகளைத் தனியே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

அடோபி ஆடிஷன், பிரீமியரில் வெட்டும் குழுவுக்கு இயல்பான துணை. டைம்லைனை அங்கிருந்தே நேராக இதற்கு அனுப்பலாம். ஒலியை நிறப்படமாக விரித்து, வசனத்தின் நடுவே ஒலித்த ஹாரனை மட்டும் தூரிகையால் அழிப்பதில் இதன் கை தேர்ந்தது. ஆனால் சந்தா முடிந்த மறுநாள் உங்கள் சொந்தப் படத்தின் ப்ராஜெக்டை உங்களாலேயே திறக்க முடியாது. படிப்பு முடிந்து ஆறு மாதம் கழித்து ஒரு திரைப்பட விழா வேறு வடிவில் ஒலியைக் கேட்கும்போதுதான் இதன் வலி தெரியும். கல்லூரி ஆய்வகத்தில் உரிமம் இருந்தால் பயன்படுத்துங்கள். மாணவர் சந்தாவை ஒலிக்காக மட்டும் எடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ப்ரோ டூல்ஸ் ஒலிக்கூடங்களின் பொதுமொழி. ஒலிப்பொறியாளராகவே போக விரும்புபவர் எப்படியும் அதைக் கற்றாக வேண்டும். ஆய்வகத்தில் முழுப் பதிப்பும் அதைச் சொல்லித்தர ஆளும் இருந்தால் தயங்காமல் அதில் செய்யுங்கள். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் படத்தை முடிக்கும் தேதிக்குள் அதைக் கற்றுக்கொண்டுவிடலாம் என்று நம்ப வேண்டாம். மேக் வைத்திருப்பவர்களுக்கு லாஜிக் ப்ரோ ஏற்றதுதான், ஆனால் குழுவில் மற்றவர்களிடம் விண்டோஸ் இருந்தால் ப்ராஜெக்டைக் கைமாற்ற வழியில்லை.

ஃபேர்லைட்டைப் பற்றி முன்பே சொன்னதோடு ஓர் எச்சரிக்கையைச் சேர்க்க வேண்டும். குரலை இரைச்சலிலிருந்து பிரித்தெடுக்கும் செயற்கை நுண்ணறிவு வசதி, 295 டாலர் விலையுள்ள ஸ்டூடியோ பதிப்பில் மட்டுமே இருக்கிறது. விளம்பரக் காணொளிகளில் வியப்பூட்டுவது பெரும்பாலும் அந்த வசதிதான். இலவசப் பதிப்பில் அதைத் தேடி ஏமாற வேண்டாம்.

ஐந்தாம் படி: கணினி தாங்குமா?

ஒலி இடத்தை அதிகம் பிடிப்பதில்லை. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் மோனோ ஒலி ஒரு மணி நேரத்துக்கு 520 எம்பிக்குச் சற்றுக் குறைவு. கணினியைத் திணறவைப்பது உடன் ஓடும் படம்தான். ரிசால்வுக்கு 16 ஜிபி ரேமும் தனி கிராபிக்ஸ் கார்டும் இருந்தால் நிம்மதி. 8 ஜிபி மடிக்கணினியில் அது திறக்கலாம், ஆனால் காலடியைப் பொருத்த முன்னும் பின்னும் இழுக்கும்போது தடுமாறும். அத்தகைய கணினி மட்டுமே இருந்தால் ரீப்பரே சரி. இரண்டிலும் எடிட்டரிடமிருந்து 4கே கோப்பை வாங்காதீர்கள். டிஎன்எக்ஸ்ஹெச்ஆர் எல்பி அல்லது ப்ரோரெஸ் ப்ராக்ஸி வடிவில், திரையின் மூலையில் டைம்கோடு, அதாவது ஒவ்வொரு ஃப்ரேமின் நேர எண் பதித்த சிறிய கோப்பை வாங்குங்கள். ஹெச்.264 கோப்பு சிறியதாக இருந்தாலும், பெரும்பாலான ஃப்ரேம்களை முன்பின் ஃப்ரேம்களிலிருந்து கணக்கிட வேண்டியிருப்பதால் ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்தும்போது இழுக்கும். லினக்ஸில் இருப்பவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ரிசால்வின் இலவசப் பதிப்பு அங்கே ஹெச்.264 படத்தையும் ஏஏசி ஒலியையும் ஏற்காது.

மென்பொருளுக்கு ஒதுக்கிய பணம் மிஞ்சினால், காதை முழுவதும் மூடும் ஒரு நல்ல ஹெட்ஃபோனுக்குப் போகட்டும். மடிக்கணினியின் ஸ்பீக்கரில் கேட்காத குளிர்சாதனப் பெட்டியின் ரீங்காரம் அரங்கில் கேட்கும்.

ஆறாம் படி: இரண்டு நிமிடக் காட்சியை முழுச் சுற்று அனுப்பிப் பாருங்கள்

இந்தப் படியைத் தவிர்ப்பவர்களே கடைசி வாரத்தில் மென்பொருளை மாற்றுகிறார்கள். படப்பிடிப்பு முடிந்து, முதல் வெட்டு தயாராகும்போதே இதைச் செய்துவிட வேண்டும்.

வசனமும் நடையும் உள்ள இரண்டு நிமிடக் காட்சியை எடிட்டர் தேர்ந்தெடுக்கட்டும். படத்தின் முதல் ஃப்ரேமுக்குச் சரியாக இரண்டு விநாடிக்கு முன், ஒரே ஒரு ஃப்ரேம் நீளத்துக்கு 1 கிலோஹெர்ட்ஸ் ஒலியை வைக்கச் சொல்லுங்கள்; கடைசி ஃப்ரேமுக்கு இரண்டு விநாடிக்குப் பின்னும் அதேபோல் ஒன்று. ஒலிக்கூடங்களில் சிங்க் பாப் எனப்படுவது இதுதான். படக் கோப்பிலும் ஒலியிலும் இரண்டு பாப்களும் இருக்க வேண்டும். ஏஏஎஃப் அல்லது வேவ் கோப்புகளை உங்கள் மென்பொருளில் திறந்து, படத்தின் பாப்பும் உங்கள் ட்ராக்கின் பாப்பும் தொடக்கத்திலும் இறுதியிலும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பாருங்கள். தொடக்கம் பொருந்தி இறுதி விலகினால் ஃப்ரேம் வேகத்திலோ சாம்பிள் வேகத்திலோ பிழை. இரண்டும் ஒரே அளவு விலகினால் தொடக்கப் புள்ளி தவறு.

பிறகு அந்தக் காட்சியில் உண்மையான வேலையைச் செய்யுங்கள். இரண்டு வெட்டுகளில் அறை ஒலியைக் கரையுங்கள், ஒரு காலடி வரிசையைப் பொருத்துங்கள், ஒரு வரியை டப்பிங் பதிவு செய்யுங்கள். பாதியில் எடிட்டரை ஒரு ஷாட்டைக் குறைக்கச் சொல்லி, அந்த மாற்றம் உங்களிடம் வந்து சேர எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது என்று கவனியுங்கள். முடிந்ததும் மிக்ஸை அனுப்பி, எடிட்டரின் டைம்லைனில் பாப் மீண்டும் அதே ஃப்ரேமில் உட்காருகிறதா என்று சரிபாருங்கள். இந்தச் சுற்றைச் சிக்கலின்றி முடித்த மென்பொருளே உங்கள் படத்துக்கான மென்பொருள். வேறொன்று எவ்வளவு புகழ்பெற்றதாக இருந்தாலும் பொருட்படுத்த வேண்டியதில்லை.

ஏழாம் படி: வெளியே என்ன போக வேண்டும்?

தேர்வை உறுதி செய்வதற்கு முன், கடைசியில் தர வேண்டியவற்றை அந்த மென்பொருள் தருமா என்று பார்க்க வேண்டும். வசனம், எஃபெக்ட், இசை ஆகிய மூன்றையும் தனித்தனி ஸ்டீரியோ கோப்புகளாக, மூன்றையும் சேர்த்தால் முழு மிக்ஸ் வருமாறு எடுக்க முடிய வேண்டும். இசையின் உரிமையில் சிக்கல் வந்து மாற்ற நேர்ந்தாலோ, வேறு மொழியில் டப்பிங் செய்ய யாராவது கேட்டாலோ இந்தக் கோப்புகள்தான் காப்பாற்றும்.

ஒலியளவை எல்யுஎஃப்எஸ் அலகில் காட்டும் மீட்டரும் வேண்டும். ரீப்பரிலும் ஃபேர்லைட்டிலும் அது உள்ளேயே இருக்கிறது. ஐரோப்பிய ஒளிபரப்பு அளவு -23. யூடியூப் சுமார் -14-க்கு மேல் உள்ளவற்றைக் குறைக்கிறது, ஆனால் அதற்குக் கீழே உள்ளவற்றை உயர்த்துவதில்லை. எனவே -23-இல் முடித்த படம் யூடியூபில் மற்றவற்றைவிடத் தாழ்வாகக் கேட்கும். இணையத்துக்கென்று தனியாக ஒரு மிக்ஸ் எடுப்பதே வழி. பார்வையாளரைச் சுற்றி ஆறு ஸ்பீக்கர்களில் கேட்கும் 5.1 ஒலி வேண்டுமா என்ற கேள்விக்கு என் பதில் சுருக்கமானது: 5.1 ஸ்பீக்கர்கள் உள்ள அறையில் உட்கார்ந்து கேட்டு மிக்ஸ் செய்ய வாய்ப்பில்லையென்றால் வேண்டாம். ஹெட்ஃபோனில் ஊகித்துச் செய்த 5.1-ஐவிடக் கவனமான ஸ்டீரியோ எந்த அரங்கிலும் நன்றாக ஒலிக்கும்.

முடிவு செய்தபின் படம் முடியும் வரை மென்பொருளைப் புதுப்பிக்காதீர்கள். குறிப்பாக ரிசால்வில், புதிய பதிப்பில் திறந்து மாற்றிய ப்ராஜெக்ட் பழைய பதிப்புக்குத் திரும்பாது என்பதால், எடிட்டரும் நீங்களும் ஒரே பதிப்பு எண்ணில் இருக்கிறீர்களா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். ப்ராஜெக்ட் கோப்போடு மூன்று தனி மிக்ஸ்களையும், எஃபெக்ட் ஏறாத மூல வசனப் பதிவுகளையும் வேவ் வடிவிலேயே இரண்டு வன்தட்டுகளில் வையுங்கள். அவற்றுள் ஒன்று எடிட்டரிடம் இருக்கட்டும்.